டாஸ் நினைவகத்தில் குடியேறிய நிரல்களை வெளியேற்றுவது எப்படி? – கேள்வி பதில்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இன்னமும் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும் கணினிகளை வைத்திருக்கும் அன்பர்கள், கணினியை மறுதொடக்கம் செய்யாமலேயே நினைவகத்தில் தங்கிவிட்ட நிரல்களை, அதாவது டிஎஸ்ஆர் நிரல்களை, நீக்குவது பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஜார்ஜ் டவுனில் அச்சகங்களுக்கும் கணக்கு அலுவலகங்களுக்கும் இவ்வகைக் கணினிகளைப் பழுதுபார்த்தே பல ஆண்டுகள் பிழைத்தவன் நான்.

பட்டர்வொர்த் அன்பர்: ஐயா, என் பட்டறையில் உள்ள 386 கணினியில் காலையில் நன்றாக ஓடும் கணக்கு நிரல், நான் நாட்குறிப்பு நிரலை ஒரு முறை ஏற்றி மூடிய பிறகு நினைவகம் போதவில்லை என்கிறது. மூடிய நிரல் ஏன் இடத்தை விடவில்லை?

பதில்: நீங்கள் மூடியது அதன் திரையை மட்டுமே. சாதாரண நிரல் முடியும்போது தன் இடம் முழுவதையும் டாஸிடம் ஒப்படைத்துவிடும். டிஎஸ்ஆர் நிரலோ, தனக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்று சொல்லி அதைப் பிடித்துக்கொண்டுதான் முடிகிறது; பிறகு குறிப்பிட்ட விசைகளை நீங்கள் அழுத்தும்வரை அங்கேயே காத்திருக்கிறது. போர்லாண்ட் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட சைட்கிக் என்ற நாட்குறிப்பு நிரல் இந்தப் பழக்கத்தை ஊரெங்கும் பரப்பியது. சாதாரண டாஸ் நிரல்களுக்கு மொத்தம் இருப்பதே 640 கிலோபைட் என்பதால், நாட்குறிப்பு பிடித்த இடம் கணக்கு நிரலுக்கு இல்லாமல் போகிறது. டாஸ் 5 முதல் மெம் கட்டளையோடு /சி என்று சேர்த்தால் யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்பது தெரியும். முதலில் அந்த நிரலுக்கே வெளியேறும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் மவுஸ் நிரலுக்கு ஆஃப் என்ற சொல் போதும்; டாஸ் 6-இல் வந்த, வைரஸைக் காவல் காக்கும் விசேஃப், அழித்த கோப்பை மீட்கும் அன்டெலீட் இரண்டும் /யூ என்றால் விலகிவிடும். முன்பு தட்டிய கட்டளைகளைத் திரும்ப அழைக்கும் டாஸ்கீக்கு அப்படி ஒரு கதவே வைக்கவில்லை.

நிபோங் திபால் அன்பர்: நானே ஒரு சிறு நிரல் எழுதி, டிஎஸ்ஆர் பிடித்திருந்த நினைவகத்தை விடுவித்தேன். முதலில் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒரு விளையாட்டைத் திறந்ததும் கணினி உறைந்துவிட்டது. ஏன்?

பதில்: நினைவகத்தை விடுவிப்பது எளிது, சிக்கல் இருப்பது இன்டரப்ட் அட்டவணையில், அதாவது விசைத் தட்டல் போன்ற குறுக்கீடு (இன்டரப்ட்) வரும்போது செயலி எங்கே தாவ வேண்டும் என்று சொல்லும் பட்டியலில். நினைவகத்தின் அடிமட்டத்தில் 1024 பைட் அளவில் 256 முகவரிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டினால், செயலி அங்குள்ள 9-ஆம் முகவரியைப் பார்த்து அங்கே தாவுகிறது. டிஎஸ்ஆர் நிரல் ஏறும்போது அங்கிருந்த பழைய முகவரியைத் தன்னுள் எழுதிவைத்துக்கொண்டு, அதன் இடத்தில் தன் முகவரியைப் போட்டுவிடுகிறது. நீங்கள் இடத்தை மட்டும் விடுவித்தீர்கள். அட்டவணையில் அதன் முகவரி அப்படியே இருந்தது. விடுவிக்கப்பட்ட இடத்திலிருந்த கட்டளைகள் உடனே அழிந்துவிடுவதில்லை என்பதால், ஒவ்வொரு தட்டலுக்கும் அந்தப் 'பேய்' நிரல் ஒழுங்காகவே பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கும். விளையாட்டு அந்த இடத்தின் மேல் ஏறிக்கொண்டதும், செயலி தாவிய இடத்தில் விளையாட்டின் ஏதோ ஒரு துண்டுதான் கிடைத்தது.

இதே காரணத்தால்தான் வரிசையும் முக்கியம். முதலில் ஏறியது மவுஸ் நிரல், அதன்மேல் நாட்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே இன்டரப்டைப் பிடித்திருந்தால், மவுஸின் முகவரி நாட்குறிப்பின் வயிற்றுக்குள் இருக்கிறது. வெளியிலிருந்து எவராலும் அதைத் திருத்த முடியாது. ஆகவே கடைசியில் ஏறியதுதான் முதலில் இறங்க வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அன்பர்: தானாக வெளியேறத் தெரியாத நிரலை என்ன செய்வது?

பதில்: ஏற்றுவதற்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். டர்போபவர் நிறுவனத்தின் கிம் கோக்கோனன் எழுதி இலவசமாகக் கொடுத்த மார்க், ரிலீஸ் என்ற இரண்டு நிரல்களை நான் வேறெதையும்விட அதிகம் நம்புகிறேன். மார்க் என்று தட்டினால் அந்த நேரத்து இன்டரப்ட் அட்டவணை முழுவதையும் அது நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. அதன்பின் எத்தனை டிஎஸ்ஆர்களை ஏற்றினாலும், ரிலீஸ் என்றதும் நகலிலிருந்து அட்டவணை திரும்ப எழுதப்பட்டு, மார்க்குக்கு மேலிருந்த அனைத்தும், மார்க்கும் சேர்ந்து, வெளியேறிவிடும். மார்க்கே ஒரு கிலோபைட்டுக்கு மேல் பிடிக்கிறதே என்று கவலைப்படுபவர்கள், நகலை வட்டுக் கோப்பில் எழுதும் எஃப்மார்க்கைப் பயன்படுத்தலாம். எப்போதும் வேண்டிய மவுஸ், விசைப்பலகை நிரல்களுக்குப் பிறகும், வந்து போகும் நிரல்களுக்கு முன்பும், கணினி தொடங்கியதும் தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் மார்க்கை வைப்பது என் வழக்கம்.

ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். எழுத வேண்டியதைச் சற்றுத் தாமதித்து எழுதும் ஸ்மார்ட்டிரைவ் போன்ற வட்டு இடைநினைவக நிரல், மார்க்குக்கு மேல் இருந்தால், ரிலீஸ் கொடுப்பதற்கு முன் ஸ்மார்ட்டிரைவ் /சி என்று தட்டி, நிலுவையில் உள்ள அனைத்தையும் வட்டில் எழுதவையுங்கள். ஓர் அச்சகத்தில் இதைச் செய்யாமல் விட்டு அன்று பிற்பகலின் ரசீதுகளை இழக்கவைத்தேன். கடைக்காரர் திட்டவில்லை, தேநீர் மட்டும் கொடுக்கவில்லை.

செந்தூல் அன்பர்: சிடிரோம் இயக்கியை இப்படி நீக்கலாமா?

பதில்: கணினி தொடங்கும்போதே டாஸ் படிக்கும் கான்ஃபிக் கோப்பில் ஏற்றியதை நீக்க முடியாது, அது டாஸின் சாதனச் சங்கிலியிலேயே கோக்கப்பட்டுவிட்டது. மறுதொடக்கம்தான் வழி.

ஆயர் ஈத்தாம் அன்பர்: சொற்செயலியை மூடாமலேயே சற்று டாஸுக்கு வந்து ஒரு டிஎஸ்ஆரை ஏற்றினேன். சொற்செயலியை மூடிய பிறகும் பாதி நினைவகத்தைக் காணோம்.

பதில்: காணாமல் போகவில்லை, இரண்டாகப் பிளந்திருக்கிறது. சொற்செயலி கீழே, அதன் மேல் டிஎஸ்ஆர். கீழே இருந்தது விலகியதும் அங்கே ஒரு துளை. ஆனால் ஒரு நிரல் ஏற வேண்டுமானால் தொடர்ச்சியான ஒரே துண்டு வேண்டும். அந்த டிஎஸ்ஆர் தானாக விலகத் தெரிந்ததென்றால் விலக்குங்கள். இனி சொற்செயலிக்குள்ளிருந்து எதையும் ஏற்றாதீர்கள்.

கிள்ளான் அன்பர்: விண்டோஸ் 3.1 உள்ள கணினியில் இதற்கு எளிய வழி உண்டா?

பதில்: உண்டு. 386 என்ஹான்ஸ்டு முறையில் ஒரு டாஸ் சாளரத்தைத் திறந்து, டிஎஸ்ஆரையும் அதைப் பயன்படுத்தும் நிரலையும் அதனுள்ளேயே ஏற்றுங்கள். சாளரத்தை மூடினால் இரண்டும் போய்விடும், மற்றவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

பாயான் லெப்பாஸ் அன்பர்: நான் எழுதும் டிஎஸ்ஆர் தானாக விலக என்ன செய்ய வேண்டும்?

பதில்: பிடித்த ஒவ்வோர் இன்டரப்டையும், டாஸின் சேவைகளைக் கேட்கும் இன்டரப்ட் 21-இன் 35-ஆம் செயலால் படித்து, அங்குள்ளது இன்னும் உங்கள் முகவரிதானா என்று பாருங்கள். ஆம் என்றால் 25-ஆம் செயலால் பழையதைத் திருப்பி எழுதி, 49-ஆம் செயலால் நிரலின் இடத்தையும், பலரும் மறந்துவிடும் சூழல் மாறிகளின் தனித் துண்டையும் விடுவியுங்கள். (21-ஐயும் சேர்த்து இந்த நான்கும் பதினாறடிமான எண்கள், அதாவது பதினாறை அடியாகக் கொண்டவை.) ஒன்றில்கூட வேறொருவரின் முகவரி இருந்தால், மேலே இன்னொரு நிரல் இருக்கிறது என்று செய்தி காட்டிவிட்டு, எதையும் தொடாமல் திரும்பிவிட வேண்டும்.