பின்னலாடை டிசைனர் ஆக மெஷின் வாங்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 25 வயது, பி.காம். முடித்திருக்கிறேன். திருவாரூர் பக்கம் கிராமம். அத்தையிடம் ஊசிப் பின்னலும் குரோஷாவும் கற்றுக்கொண்டேன். பின்னலாடை டிசைனர் ஆக வேண்டும் என்று ஆசை. நூல் கடையில் நிற்கும்போது எல்லாமே அழகாகத் தெரிகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒன்றும் தோன்றுவதில்லை, யூட்யூபைப் பார்த்துத்தான் பின்னுகிறேன். வரையவும் வராது. இப்போது ஒருவர், 65,000 ரூபாய்க்குக் கைப் பின்னல் மெஷின் வாங்கினால் நான் பின்னுவதை எல்லாம் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். முன்பணமாக 20,000 ரூபாயும், நான் செய்து வைத்திருக்கும் டிசைன் மாதிரிகளும் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுக்காதீர்கள். மாதிரிகளை அனுப்பாதீர்கள், போட்டோகூட வேண்டாம். அந்த ஆளைப் பற்றிக் கடைசியில் இன்னும் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். நூலைப் பார்த்து ஏன் எதுவும் தோன்றவில்லை என்பதுதான் அது.

திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனிகளின் சாம்பிள் செக்‌ஷனில் 20 வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு இப்போது மயிலாடுதுறையில் இருக்கிறேன். இதே கேள்வியை எத்தனையோ பெண்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் கண்ணால் மட்டுமே நூலை வாங்குகிறார்கள். கலர் பிடித்துப்போகிறது, வாங்கி வந்துவிடுகிறார்கள். அந்த நூல் என்ன செய்யும், எதற்கு மறுக்கும் என்று கேட்பதே இல்லை. டிசைன் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது.

வைக்கோல் பிரி திரித்துப் பார்த்திருப்பீர்கள். ஒற்றைப் பிரியை முறுக்கி விட்டால் சும்மா இருக்காது, திருகிக்கொண்டு சுருளும். இரண்டு பிரியைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால் அடங்கி நிற்கும். நூலும் அப்படியே. புது டீ-ஷர்ட்டை நாலு தடவை துவைத்த பிறகு பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வந்துவிடுகிறதே, அதற்குப் பெரும்பாலும் ஒற்றை இழை நூலின் அடங்காத முறுக்குதான் காரணம். தறிக்கென்று நூற்கும் பாவு நூலில் (துணியின் நீளவாக்கில் ஓடும் நூல்), இழுவையைத் தாங்க வேண்டியிருப்பதால், முறுக்கு இன்னும் அதிகம். பனியன் நூலில் முறுக்கைக் குறைத்திருப்பார்கள், அதனால்தான் அது மெத்தென்று இருக்கிறது. தறிக்காரர் வீட்டிலிருந்து மலிவாகக் கிடைத்தது என்று பாவு நூலை வாங்கிப் பின்னினால் துணி கோணிக்கொண்டு போகும். அது உங்கள் கைக் குற்றமில்லை, நூலின் குணம். அந்தக் கோணலையே வேண்டுமென்று பயன்படுத்தி, சரிந்து விழும் ஒரு மேல்துண்டு செய்தால் அது டிசைன். அதைத் தெரியாமல் செய்தால் தப்பு. வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்தது கவுண்ட். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் (நூல் கட்டுகள்) எத்தனை அடங்குகின்றனவோ, அதுதான் பருத்தி நூலின் கவுண்ட். எண் கூடக்கூட நூல் மெலியும். 20ஆம் நம்பர் நூலில் எட்டு இழையைச் சேர்த்துப் பிடித்தால் 100 கிராமுக்குச் சுமார் 420 மீட்டர் வரும். நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கனம் போதும். ஊசி நம்பரும் அப்படியே, எண் கூடினால் ஊசி மெலியும்: நம் பக்கம் புழங்கும் பழைய இங்கிலாந்துக் கணக்கில் 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. யூட்யூபில் அமெரிக்கப் பெண் ஒருவர் 8 என்று சொன்னால் அது 5 மி.மீ. இது தெரியாமல் பின்னி, சட்டை தொளதொளவென்று வந்து, தனக்குக் கை வரவில்லை என்று அழுத பெண்ணை எனக்குத் தெரியும். நம்பரை விடுங்கள், எப்போதும் மி.மீ. பாருங்கள்.

கடையில் 'உல்லன்' என்று தருவது அநேகமாக அக்ரிலிக். கடைக்காரர் அடித்துப் பேசினால் ஒரு விரற்கடை நூலை வாங்கி வந்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். உண்மையான கம்பளி முடி பொசுங்குகிற வாசனை தரும், நெருப்பை எடுத்தால் அணைந்துவிடும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். அக்ரிலிக் மோசமான நூல் என்று சொல்லவில்லை. கலர் பளிச்சென்று நிற்கும், விலையும் குறைவு. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. பச்சைக் குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுக்கும்போது அது கம்பளி என்று சொல்லி விற்காதீர்கள்.

இப்போது வரைவது பற்றி. பின்னலாடை டிசைனருக்கு வரைபடம் என்பது மாதிரித் துண்டு. ஒவ்வொரு நூலிலும் 15 செ.மீ. சதுரம் பின்னுங்கள். பின்னியதும் அளந்துவிடாதீர்கள். துவைத்து, நிழலில் படுக்கப் போட்டு உலர்த்தி, மறுநாள் நடுப்பகுதியில் 10 செ.மீ. அளந்து எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எழுதுங்கள். பிறகு ஒரு நாள் முழுக்கக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்க விடுங்கள். கம்பளி மீண்டுகொள்ளும், பருத்தி தன் எடையிலேயே இறங்கும், பட்டு வழுக்கிக்கொண்டு விழும். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள், முக்கியமாக அரக்கு கலரில். அரக்கும் வெள்ளையும் சேர்த்த ஒரு லாட் முழுவதும் முதல் துவையலில் ரோஸ் ஆகிப்போன நாள் என் வேலை வாழ்க்கையிலேயே மோசமான நாள். அந்தத் தேய்ப்பு இரண்டு நிமிட வேலை, நாங்கள் செய்யவில்லை. இப்படி முப்பது துண்டு சேர்ந்துவிட்டால், எந்த நூலுக்கு எந்த உடுப்பு என்று உங்கள் விரலுக்கே தெரிந்துவிடும். பென்சில் வேண்டியதில்லை.

யோசனைக்கு எங்கே பார்ப்பது? இதிலும் ஒரு பழக்கம் என்னைக் கோபப்படுத்துகிறது. டெல்டாக்காரர் என்றால் உடனே பெரிய கோவில் கோபுரத்தையும் தலையாட்டி பொம்மையையும் ஸ்வெட்டர் முன்பக்கம் பின்னிக் கொண்டுவருகிறார்கள். அது பிரிண்ட் போடுகிறவரின் வேலை. பின்னல் என்பது ஒரே நூல் வளைந்து வளைந்து தன்னைத் தானே பிடித்துக்கொள்வது. அப்படி நடக்கிற பொருள்களை நம் ஊரில் தேடுங்கள். நாகப்பட்டினம் கரையில் காயும் வலையின் கண்ணி, தைக்கால் கிராமத்தில் பின்னும் பிரம்பு நாற்காலியின் முதுகு, கட்டிய மல்லிகைச் சரம். எல்லாவற்றுக்கும் மேலே, நீங்கள் சின்ன வயதிலிருந்து போடும் சிக்குக் கோலம். ஒரே கோடு புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடிகிறது. கண்ணிகளைத் தாண்டவைத்துப் போடும் கயிறுப் பின்னலுக்கு இதைவிட நல்ல படம் எங்கே கிடைக்கும்?

கோலத்தைக் கணக்கு நோட்டின் சதுரக் கட்டத்தில் எழுதாதீர்கள். கண்ணி சதுரமாக இருக்காது, அகலம் கூடுதலாகவும் உயரம் குறைவாகவும் இருக்கும். உங்கள் மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 28 கண்ணி, 38 வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். 28க்கு 28 கட்டத்தில் எழுதிய கோலம் துணியில் 10 செ.மீ. அகலமும் 7 செ.மீ. சொச்சம் உயரமுமாக, யாரோ உட்கார்ந்து நசுக்கியது போல வரும். 28 கண்ணிக்கு 38 வரிசை என்று கட்டம் போட்டு எழுதுங்கள், நிமிர்ந்து நிற்கும்.

இன்னொன்று கூறைப் புடவை. மயிலாடுதுறைக் கூறைநாட்டில் பட்டையும் பருத்தியையும் சேர்த்துக் கட்டம் போட்டு நெய்த புடவை. வீட்டில் பாட்டியுடையது இருந்தால் எடுத்து ஜன்னல் பக்கம் பிடியுங்கள். பட்டு இழை மின்னும், பருத்தி இழை ஒளியைக் குடித்துக்கொள்ளும். ஒரே கலரில் இரண்டு நூல் எடுத்து, ஒன்று மின்ன, ஒன்று மங்க, மாற்றி மாற்றி வரிசை போட்டுப் பாருங்கள். ஒரு படமும் இல்லாமல் ஒரு டிசைன் கையில் இருக்கும். திருபுவனம் பக்கம் தறிக்காரர்களிடம் பாவு முடிந்ததும் மிஞ்சும் பட்டு நூல் துண்டுகள் கிடைக்கும். பின்ன நீளம் போதாது, ஆனால் அட்டையில் சுற்றி வைத்தால் எந்தக் கலரோடு எது சேரும் என்று பார்க்க அதைவிட நல்ல கலர் கார்டு இல்லை.

படிப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை தரமணியில் மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரியான நிஃப்டில் பின்னலாடை டிசைனுக்கென்றே நாலு வருட பி.டெஸ். (டிசைன் இளநிலைப் பட்டம்) இருக்கிறது. வயது வரம்பு பொதுவாக 24, உங்களுக்கு அநேகமாக முடிந்துவிட்டது. எந்த டிகிரியோடும் எம்.டெஸ். (முதுநிலை) போகலாம், அதற்கு வயது வரம்பு இல்லை. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு, செலவு லட்சக்கணக்கில். அங்கே மேனேஜ்மென்ட் கோட்டா வாங்கித் தருகிறேன் என்பவரை வீட்டு வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், அப்படி ஒன்று கிடையாது. திருப்பூரில் சாம்பிள் செக்‌ஷனில் உதவியாளராகச் சேர்வது இன்னொரு வழி. அங்கே துணியை உருளை மெஷினில் பின்னி, வெட்டித் தைக்கிறார்கள். நீங்கள் செய்வது போல உடுப்பையே வடிவமாகப் பின்னுவது குறைவு. இருந்தாலும் ஒரு வருடத்தில் நூலைப் பற்றிக் கற்றுக்கொள்வது ஏராளம். எனக்கு ஆறாத ஆதங்கம் இதுதான்: நெல்லுக்கு 1922லிருந்து ஆடுதுறையில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தறியும் சாயமும் தலைமுறை தலைமுறையாக இருக்கும் இதே மண்ணில் ஒரு பெண் நிட்டிங் மெஷினைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் உங்களிடம் வந்த ஆளைப் போன்றவர்கள் பிழைக்கிறார்கள்.

மாதிரிகளை ஏன் கொடுக்கக் கூடாது என்று சொன்னேன்? 2000ஆம் வருட டிசைன் சட்டப்படி உங்கள் டிசைனைப் பதிவு செய்யலாம். பத்து வருடம் உரிமை, இன்னும் ஐந்து வருடம் நீட்டலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் டிசைன் புதியதாக, அதுவரை வெளியே வராததாக இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டால் அது வெளியானதுதான். பதிவு செய்யாமல் மெஷினில் ஐம்பதுக்கு மேல் போட்டுவிட்டால் பதிப்புரிமையும் (காப்பிரைட்) போய்விடும். கண்காட்சிக்கு ஒரு விலக்கு இருக்கிறது, இதைக் கவனமாகக் கேளுங்கள். மத்திய அரசு இதற்கென்று அறிவிக்கை வெளியிட்ட கண்காட்சியில் வைத்தால், வைப்பதற்கு முன்பே டிசைன் கன்ட்ரோலருக்கு (டிசைன்களைப் பதிவு செய்யும் அதிகாரி) உரிய படிவத்தில் தகவல் கொடுத்து, முதலில் வைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்தால், புதுமை போகாது. அறிவிக்கை, முன்தகவல், ஆறு மாதம் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் மகளிர் குழு நடத்தும் கண்காட்சி இதில் வராது. கலெக்டர் வந்து ரிப்பன் வெட்டினாலும் வராது. என்னிடம் கற்ற ஒரு பெண் அப்படி ஒரு மண்டபத்தில் வைத்தாள், அடுத்த மாதமே அவள் டிசைன் வேறொருவரின் கடையில் தொங்கியது. ஒன்றும் செய்ய முடியவில்லை. நல்ல டிசைன் என்று உங்களுக்கே தோன்றுவதை மட்டும் பதிவு செய்யுங்கள், எல்லாவற்றுக்கும் வேண்டாம். சிறுதொழில் பதிவான உத்யம் முழுக்க இலவசம். அதற்குப் பணம் கேட்கிறவரிடமும் ஏமாறாதீர்கள்.

டிசைன் நம் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் ஊரைச் சொல்கிறேன்: ஆந்திராவில் கோதாவரி டெல்டாவின் நர்சாபூர். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் சொல்லிக்கொடுத்த குரோஷா லேஸை அங்கே பெண்கள் வீட்டிலிருந்தே பின்னுகிறார்கள், வெளிநாட்டுக்கெல்லாம் போகிறது. அவ்வளவு கைத்திறன் இருந்தும் டிசைனும் விலையும் நெடுங்காலம் ஏஜென்டுகள் கையில் இருந்ததால், பின்னியவர்களுக்குக் கிடைத்தது சொற்பக் கூலி.

உங்கள் ஆளுக்கு வருகிறேன். இந்த ஆட்கள் முதல் லாட்டைக் காசு கொடுத்து எடுப்பார்கள். அக்கம்பக்கத்தில் இன்னும் நாலு பேர் மெஷின் வாங்குவார்கள். இரண்டாவது லாட்டில் ஓரம் இழுக்கிறது, நூலின் இழுவை (டென்ஷன்) சரியில்லை, பையர் ரிஜெக்ட் என்பார்கள். மூன்றாவதுக்குப் போன் எடுக்கமாட்டார்கள். நகையை அடகு வைத்து வாங்கிய மெஷின் மேல் பழைய புடவையைப் போர்த்தி வைத்திருக்கும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

மறுபடி வந்தால் இப்படிக் கேளுங்கள்: "மெஷினை நான் திருப்பூரில் விசாரித்து வாங்கிக்கொள்கிறேன். நூலை நீங்கள் எடை போட்டுக் கொடுங்கள், கிலோவுக்கு என்ன கூலி, ரிஜெக்ட் ஆனால் நூல் யார் கணக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்." உண்மையாக ஜாப் ஒர்க் கொடுக்கிறவருக்கு இது தினப்படி பேச்சு, உட்கார்ந்து பேசுவார். இவர் எழுந்து போய்விட்டால், கையில் இருக்கும் 20,000 ரூபாயில் நாலாயிரத்துக்குப் பத்து வகை நூல் வாங்குங்கள். முப்பது மாதிரித் துண்டு முடிந்ததும் எழுதுங்கள்.