வெடி மீனும் ஏழாம் கட்டளையும்

அன்புள்ள ஐயா,

உப்புவெளிப் பக்கம் மதியச் சாப்பாட்டுப் பார்சல் விற்கிறேன். எனக்கு மீன் கொண்டுவரும் தம்பி சில நாள் பாரையை மற்றவர்களைவிடக் குறைத்துத் தருவான். அது வெடி போட்டுப் பிடித்தது என்று தெரியும். ஆனால் நான் வெடி போடவில்லை, காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். பத்துக் கட்டளையில் எதை மீறினேன்? சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவும் வேண்டுமா?

ஒரு வாசகி, திருகோணமலை

அன்புள்ள சகோதரிக்கு,

ஏழாவதை, ‘களவு செய்யாதே’ என்பதை. பிரசங்கங்களில் விபசாரத்தைத் தடுக்கும் ஆறாம் கட்டளைக்குக் கிடைக்கிற நேரத்தில் பாதிகூட ஏழாவதற்குக் கிடைப்பதில்லை, அதனால் உங்களுக்குச் சந்தேகம் வந்ததில் வியப்பில்லை.

யாருடைய பொருளைக் களவெடுத்தேன் என்பீர்கள். வெடியில் செத்த மீன் எல்லாம் கரைக்கு வருவதில்லை, நிறைய அடியில் தாழ்ந்து வீணாகிறது. குஞ்சும் முட்டையும் அதோடு போகும். பவளப்பாறை நொறுங்கிச் சல்லியானால் மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் வேண்டும். அதே கடலை நம்பிக் கரைவலை இழுக்கிறவனின் நாளைய மீன்பாடுதான் இன்று உங்களுக்கு மலிவாக வருகிறது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, படைப்பைப் பேணும் கடமையை ஏழாம் கட்டளையின் கீழ்தான் வைக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘லௌதாத்தோ சீ’ சுற்றுமடலின் 41ஆம் பத்தி, பவளப்பாறைகளை அழிப்பவற்றில் டைனமைட் மீன்பிடியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

‘நான் போடவில்லையே’ என்பது பாதி நியாயம். தெரியாமல் வாங்கியிருந்தால் கதை வேறு. வயிற்றைக் கீறினால் முள்ளந்தண்டை ஒட்டி இரத்தம் கட்டியிருக்கும், காற்றுப்பை கிழிந்திருக்கும், தசை முள்ளை விட்டுக் கழன்றுவரும். தினமும் மீன் வெட்டுகிற கைக்கு இது பிடிபடாமல் போகுமா? பிறர் பாவத்துக்குத் தெரிந்தே துணைபோனால் நமக்கும் பங்குண்டு என்று அதே மறைக்கல்வி சொல்கிறது. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டமும் வெடி வைப்பவனோடு நிற்கவில்லை. அப்படிப் பிடித்தது என்று தெரிந்து வாங்குவதும் குற்றம்தான்.

வெடிமருந்து கொண்டுவந்து கொடுக்கிற பெரிய கைகள் இருக்க, உங்களைப் பிடித்துக் குட்டுவது எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, கடிதம் எழுதியது நீங்கள்.

பாரை கட்டுப்படியாகாத நாளில் சூடை மீனோ கீரி மீனோ போடுங்கள், அதையும் கீறிப் பார்த்துத்தான். அதுவும் இல்லையென்றால் முட்டைக் குழம்பு வையுங்கள். அந்தத் தம்பியிடம் சாடைமாடையாக இல்லாமல் நேரே சொல்லுங்கள், வெடி மீன் என்றால் என் படிக்குக் கொண்டுவராதே என்று. வாடிக்கை போனால்தான் அவனுக்கு உறைக்கும்.

இது சாவான பாவமா அற்பப் பாவமா என்று அளப்பது என் வேலை இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுங்கள். ஆனால் அடுத்த வாரம் யாரிடம் மீன் வாங்கப் போகிறீர்கள் என்று முடிவுசெய்துவிட்டுப் போங்கள். சுவாமி முதலில் அதைத்தான் கேட்பார்.