கலைத்துவைத்த பெட்டி

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஒரு சிறப்புப் பள்ளியில் 16 ஆண்டுகளாக ஆசிரியை. இப்போது கடைசி வகுப்பு என் பொறுப்பில் இருக்கிறது. 11 மாணவர்கள். பெரும்பாலும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், இருவருக்கு ஆட்டிசம், ஒரு பெண்ணுக்குக் காது கேட்காது. வகுப்புக்குத் ‘தொழில் முன்பயிற்சி’ என்று பெயர். நட்டு, போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரிப்பது, உறை ஒட்டுவது, மாதிரி நேர்காணல் ஆகியவைதான் பாடம்.

ஒரு மாணவன் மூன்று ஆண்டுகளாகப் போல்ட் பிரிக்கிறான். என்னைவிட வேகமானவன். மாலையில் எல்லோரும் போன பிறகு, மறுநாள் வகுப்புக்காக நான் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டிக் கலந்துவைப்பேன். சென்ற வாரம் பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தவன் அதைப் பார்த்துவிட்டான். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பெட்டியைத் தொட மறுக்கிறான். ‘ஒத்துழைப்பதில்லை, இன்னும் வேலைக்குத் தயாராகவில்லை’ என்று நான் அறிக்கை எழுத வேண்டும். எழுதக் கை வரவில்லை.

ஒரு மாணவன் தயார் என்று எப்போது சொல்வது? காது கேளாத மாணவியின் பெற்றோர் ‘முதலில் பேச்சு வரட்டும், வேலையைப் பிறகு பார்க்கலாம்’ என்கிறார்கள். அது சரியா? குறைபாட்டை முதலாளியிடம் முன்பே சொல்லிவிட வேண்டுமா? உங்களுக்கும் காது சரியாகக் கேட்காது என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். என் பெயர் வேண்டாம்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த அறிக்கையை எழுதாமல் விட்டீர்களே, நல்லது. மூன்று ஆண்டுகளில் உங்கள் வகுப்பில் நடந்த மிகச் சிறந்த தொழிற்கல்வி அந்த ஒரு மாலையில் நடந்திருக்கிறது. தான் பிரித்த போல்ட்டுக்காக யாரும் காத்திருக்கவில்லை என்று அவன் தெரிந்துகொண்டான். தெரிந்த பிறகும் மறுநாள் வந்து உட்கார்ந்து பிரித்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் பெட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போயிருப்பேன். அவன் பண்பானவன், தொடாமல் மட்டும் இருக்கிறான்.

இதைச் சொல்வது உங்களைக் குற்றவாளியாக்க அல்ல. மாலையில் கலைத்துவைப்பது உலகெங்கும் இத்தகைய வகுப்புகளில் நடப்பதுதான். ‘முதலில் பயிற்சி, பிறகு வேலை’ என்ற எண்ணத்திலிருந்து வந்த பழக்கம் அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை. நேரத்துக்கு வரட்டும், அரை மணி நேரம் அசையாமல் உட்காரட்டும், கண்ணைப் பார்த்துப் பேசட்டும் என்று படிகள் கூடிக்கொண்டே போகும். மற்ற பிள்ளைகள் அரைகுறையாக வேலைக்குப் போய், அங்கே திட்டு வாங்கித் தேறுகிறார்கள். இவர்கள் மட்டும் முழுமை பெற்ற பிறகே வாசலைத் தாண்ட வேண்டும் என்கிறோம்.

1980களில் அமெரிக்காவில் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தின் பால் வேமன் போன்றவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். முதலில் உண்மையான இடத்தில் உண்மையான வேலை, கூலியோடு. பயிற்சியாளர் அங்கேயே போய்ப் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பார். இதற்கு ‘ஆதரவுடன் கூடிய வேலை’ என்று பெயர் வைத்தார்கள். 1986இல் அந்த நாட்டின் மறுவாழ்வுச் சட்டத் திருத்தத்திலும் அது இடம்பெற்றது. இரக்கத்துக்காக மட்டும் செய்த மாற்றம் இல்லை இது, கற்றல் நடக்கும் விதத்தைப் பார்த்துச் செய்தது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பலருக்கு ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதுதான் கடினம். ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் அப்படித்தான். உங்கள் மேசையில், உங்கள் பெட்டியில், உங்கள் குரலைக் கேட்டுக் கற்றது அந்த மேசையோடு நின்றுவிடும். தரையில் பழகிய நீச்சல் அது.

கற்க முடியுமா என்ற சந்தேகத்துக்கு அதற்கும் முன்பே பதில் கிடைத்துவிட்டது. 1970களில் மார்க் கோல்டு என்ற அமெரிக்க ஆய்வாளர், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குச் சைக்கிள் பிரேக் பூட்டக் கற்றுக்கொடுத்தார். அதன் உதிரிபாகங்களை வரிசை மாறாமல், பக்கம் மாறாமல் கோக்க வேண்டும். அவர் செய்த தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு பாகத்தையும் சரியாக வைத்தால் எந்தப் பக்கம் நம்மைப் பார்த்திருக்குமோ, அந்தப் பக்கத்தில் சிவப்பு வண்ணம் பூசினார். அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவர் பேசியதும் குறைவு. தவறாக வைத்தால் ‘தப்பு’ என்று சொல்லாமல் ‘வேறு மாதிரி வைத்துப் பார்’ என்பார்கள். கற்பவர் தடுமாறினால் கற்பிக்கும் வழியை மாற்றவேண்டியது நம் பொறுப்பு என்பதில் கோல்டு பிடிவாதமாக இருந்தார். உங்கள் முதல் கேள்விக்கு என் பதிலும் அதுவே. தயாரா என்று அந்தப் பையனைப் பார்த்துக் கேட்பதைவிட, சிவப்பு வண்ணம் எங்கே பூசலாம் என்று வேலையைப் பார்த்துக் கேளுங்கள்.

இதில் ஒரு பொறியும் உண்டு. கூடவே போகும் பயிற்சியாளர் மெல்ல மெல்ல விலகத் தெரிந்தவராக இருக்க வேண்டும். முதல் வாரம் தோளருகில், பிறகு அறையின் மூலையில், பிறகு வாசலில், பிறகு வாரம் ஒருமுறை. விலகாமல் அங்கேயே நின்றால் அவர் ஒரு சுவராகிவிடுவார். மேற்பார்வையாளர் அவரிடமே பேசுவார். இடைவேளையில் சக ஊழியர்கள் அவரிடமே நலம் விசாரிப்பார்கள். பையன் நடுவில் ஒரு பொருளைப் போல நிற்பான். ஆதரவே தராமல் வேலையில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு, ‘பார், முடியவில்லை’ என்று கைவிரிப்பவர்களும் இருக்கிறார்கள். அது இதைவிட மோசம்.

இனி என் கதை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

பள்ளியில் எனக்கு நன்றாகப் பயிற்சி தந்தார்கள். சிரித்த முகம், பணிவு, சொன்னதைச் செய்வது. காது சரியாகக் கேட்காத பையனுக்கு இவை வந்துவிட்டால் பிழைத்துக்கொள்வான் என்று நம்பினார்கள். எனக்கு அவை மிக நன்றாகவே வந்தன. எது சொன்னாலும் தலையாட்டினேன். முதல் வேலை ஓர் அச்சகத்தில். எந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே மேற்பார்வையாளர் வந்து ஏதோ சொன்னார். ‘அட்டையை அடி’ என்று எனக்குக் கேட்டது. தலையாட்டினேன். அவர் சொன்னது ‘அட்டையை அடிக்காதே’. திருத்தம் வரவேண்டியிருந்ததாம். இரண்டாயிரம் அட்டைகள் வீணாயின.

அன்று இரவு யோசித்தபோது ஒன்று புரிந்தது. தமிழில் வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் சொல்லின் கடைசியில்தான் பிரிகின்றன. வரும், வராது, அடி, அடிக்காதே. காது மந்தமானவன் முதலில் தொலைப்பது அந்தக் கடைசியைத்தான். இத்தனை ஆண்டுகளாகப் பாதி வாக்கியங்களுக்கு நான் எதிர்ப்பொருளில் தலையாட்டியிருக்கக்கூடும்! ‘மறுபடி சொல்லுங்கள்’ என்ற இரண்டு சொற்களை எனக்கு யாரும் பாடமாக வைக்கவில்லை. அதைச் சொல்வது மரியாதைக் குறைவு என்றுதான் கற்றிருந்தேன்.

என்னைக் காப்பாற்றியவர் அச்செழுத்துக் கோக்கும் ஒரு வயதான கம்பாசிட்டர். எந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு துண்டுத்தாள் கட்டைக் கட்டித் தொங்கவிட்டார். பென்சில் ஒன்றையும் கயிற்றில் கட்டினார். அவனிடம் சொல்வதை இதில் எழுதிவிட்டுப் போங்கள் என்றார். சில மாதங்களில் எல்லா எந்திரங்களிலும் தாள்கட்டு தொங்கியது. அந்த இரைச்சலில் மற்றவர்களுக்கும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை, அவர்களும் தலையாட்டித்தான் ஓட்டியிருக்கிறார்கள்.

2006 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, இப்படிப்பட்ட தாள்கட்டை ‘நியாயமான மாற்றம்’ என்ற வகையில் சேர்க்கிறது. அளவுமீறிய சுமையாக இல்லாத மாற்றத்தைச் செய்ய மறுப்பதே பாகுபாடு என்கிறது அதன் 2ஆம் பிரிவு. பணியிடத்தில் அதை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 27ஆம் பிரிவு. சரி, உரிமை இருக்கிறது. தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறத் தெரியாதவனுக்கு அது தாளில்தான் இருக்கும்.

ஆகவே உங்கள் பாடத்திட்டத்தில் நான் ஒன்றே ஒன்றைச் சேர்க்கலாமென்றால், கேட்பதைச் சேர்ப்பேன். உறை ஒட்டச் சொல்லுங்கள், பசையை மட்டும் கொடுக்காமல் இருங்கள். வேண்டுமென்றே குழப்பமாக ஒரு கட்டளை சொல்லுங்கள். அளவில் தவறான தாளைக் கொடுங்கள். யார் வந்து கேட்கிறார்கள், யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பேச வராதவர் அட்டையைக் காட்டலாம், கையை உயர்த்தலாம். கேட்டவரை உடனே பாராட்டிவிடாமல், கேட்டது கிடைக்கும்படி செய்யுங்கள். பலன் அதுதான். ‘எனக்குக் காது கேட்காது’ என்பது ஒரு தகவல், எதிரில் இருப்பவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார், பாவம்? ‘என் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், நேரத்தையும் எண்ணையும் எழுதித் தாருங்கள்’ என்பது அவர் செய்யக்கூடிய ஒன்று. 11 பேரும் தங்களுக்கான இரண்டு வாக்கியங்களோடு பள்ளியை விட்டுப் போனால் போதும்.

குறைபாட்டை முதலாளியிடம் சொல்வதா என்ற கேள்வியும் இங்கேயே தீர்ந்துவிடுகிறது. கேட்க ஏதாவது இருந்தால் சொல்லலாம், அதுவும் கேட்பதன் வடிவில். மருத்துவச் சான்றிதழின் மொழியில் வேண்டாம். எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் அந்த மாணவர். உங்கள் 16 ஆண்டு அனுபவமும் அந்த இடத்தில் ஆலோசனை மட்டுமே.

மாதிரி நேர்காணலைக் குறைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் தேறுவது நேர்காணலுக்கான திறமை. ஆட்டிசம் உள்ள உங்கள் இருவருக்கும் அது அநியாயமான தேர்வு. டென்மார்க்கில் 2004இல் டோர்கில் சொன்னே தொடங்கிய ஸ்பெஷலிஸ்டெர்னே நிறுவனம், ஆட்டிசம் உள்ளவர்களுடைய திறமையைப் பேச்சில் தேடாமல், லெகோ ரோபோக்களைக் கட்டி இயக்கச் சொல்லிப் பார்த்தது. உங்களால் ரோபோ தர முடியாவிட்டாலும், ‘பேசிப் பார்ப்பதற்குப் பதில் இரண்டு நாள் செய்யவிட்டுப் பாருங்கள்’ என்று முதலாளியைக் கேட்க முடியும். இரண்டு நாள், மூன்று நாள் என்றால் அது சோதனை. மூன்று மாதமானால் கூலியில்லா வேலை. அந்த இடத்தில் கண்டிப்பாக இருங்கள்.

காது கேளாத மாணவியின் பெற்றோருக்கு: பேச்சு வருவதற்கும் வேலை செய்வதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். அவளுக்குச் சைகை மொழி இருக்கிறது, எழுத்து இருக்கிறது, கைப்பேசி இருக்கிறது. அபாய மணிக்குப் பதில் ஒளிரும் விளக்கு இருக்கிறதா என்று பணியிடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், அது முக்கியம். இன்னொன்றும் அவர்களிடம் சொல்லுங்கள். தீவிரக் குறைபாடு உள்ள மாணவர்கள் பள்ளிக்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று எரிக் கார்ட்டரும் அவருடைய குழுவினரும் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். பள்ளி நாட்களிலேயே கூலிக்கு வேலை செய்தவர்களுக்குப் பின்னாளில் வேலை கிடைப்பது அதிகமாக இருந்தது. வீட்டு வேலைகளில் பங்கு, ‘இவள் வேலைக்குப் போவாள்’ என்ற பெற்றோரின் எதிர்பார்ப்பு ஆகிய இரண்டுக்கும் அதோடு தொடர்பு தென்பட்டது. வீட்டில் அந்தப் பெண்ணுக்கென்று, அவள் செய்யாவிட்டால் நடக்காத ஒரு வேலை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பெட்டிக்குத் திரும்புகிறேன். அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேளுங்கள், அவனுக்குப் புரியும் சொற்களில். இனி கலைக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். உண்மையிலேயே கலந்துகிடக்கும் உதிரிபாகங்கள் ஏதாவது ஒரு பட்டறையின் கிடங்கில் இருக்கும், அவற்றைப் பிரிக்க ஆள் கிடைக்காமல் யாரோ சலித்துக்கொண்டிருப்பார். ஆனால் மூன்று ஆண்டுகள் பிரித்தான் என்பதால் அவனுக்குப் போல்ட் பிடிக்கும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவனை யாரும் கேட்டதில்லை அல்லவா? மூன்று நான்கு இடங்களை நேரில் காட்டுங்கள். எங்கே தயங்கி நிற்கிறான், எங்கே கையை நீட்டுகிறான் என்று கவனியுங்கள்.

அவன் தேர்ந்தெடுத்த பிறகு, அவனுக்கு முன்பாக நீங்கள் அங்கே போங்கள். ஒரு முழு நாள் அந்த வேலையை உங்கள் கையால் செய்யுங்கள். கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, யார் சத்தம் போடுவார், எந்த மணிக்கு முதுகு வலிக்கத் தொடங்குகிறது, யாரிடம் கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு மறுபடி எனக்கு எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.