ஒரே மாணவிக்கு இரண்டு பதிவு: மென்பொருளை மாற்றாமல் வழுவைத் திருத்துங்கள்

திருகோணமலை உவர்மலையில் தனியார் கல்வி நிலையம் நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கட்டண மென்பொருளில் ‘கோபிகா’ என்று தேடினால் சில வேளைகளில் அப்படியொரு மாணவி இல்லை என்று வருகிறது. எழுதுவினைஞர் புதிதாகப் பதிந்துவிட, ஒரே பிள்ளைக்கு இரண்டு இலக்கங்களும் இரண்டு நிலுவைக் கணக்குகளும் உண்டாகின்றன. மென்பொருளை விற்றவர் ஒவ்வொரு முறையும் பணம் வாங்கிக்கொண்டு சரிசெய்கிறார். இரண்டு மாதங்களில் அதே பிழை திரும்புகிறது. இப்போது, மென்பொருள் பழையதாகிவிட்டது, புதியதை வாங்குங்கள் என்கிறாராம். வாங்குவதா என்பதே கேள்வி.

வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு சிறிய வழுவாகவே இருக்கும். ‘கோ’ என்பதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோட் என்ற பொது முறையில், பதின்ம எண்ணாகச் சொன்னால், ககரத்தின் பின் 3019 என்ற ஒற்றைக் குறியீட்டை இடுவது ஒரு விதம். இரட்டைக் கொம்புக்கு (ே) 3015, அரவுக்கு (ா) 3006 எனப் பிரித்து இடுவது மற்றது. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். எது பதிவாகும் என்பது விசைப்பலகையைப் பொறுத்தது. ஆகவே அலுவலகக் கணினியில் ஒரு விதமாகப் பதிந்த பெயரை இன்னொரு கருவியில் வேறு விதமாகத் தட்டச்சிட்டுத் தேடினால், உங்கள் மென்பொருள் அவற்றை வெவ்வேறு பெயர்களாகக் கொள்கிறது. திருகோணமலை என்ற முகவரிக்கும் இதுவே நேரும்.

இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி பைதான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி எல்லாவற்றிலும் ஆயத்தமாக உண்டு. யூனிகோட் நார்மலைசேஷன், என்எஃப்சி வடிவம் என்று சொன்னால் நிரல் எழுதுபவருக்குப் புரியும். பெயரைப் பதியும் இடத்திலும் தேடும் இடத்திலும் ஓரிரு வரிகள் சேர்த்து, ஏற்கெனவே உள்ள பதிவுகளை ஒருமுறை அதே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றுவதற்கு முன் தரவு முழுவதையும் பிரதியெடுத்து உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்றவர் இதுவரை என்ன செய்தார் என்பதை அறிய, “நிரலில் எந்த வரியை மாற்றினீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். காட்ட முடியாவிட்டால் பெரும்பாலும் அவர் உங்கள் தரவைக் கையால் திருத்தியிருப்பாரேயன்றி நிரலைத் தொட்டிருக்கமாட்டார். நம் ஊர்களில் மென்பொருள் விற்பவர்களில் பலர் அதை எழுதியவர்கள் அல்லர். வேறொருவர் எழுதியதை வாங்கி விற்கும் தரகர்கள். மென்பொருளை மாற்றத் தேவையான மூலநிரல் அவர்களிடமே இராது. பிழை நிலைத்திருக்கும்வரை வருகைக் கட்டணமும் நிலைத்திருக்கும் என்பதால் அதைத் தேடிப் பிடிக்கும் அக்கறையும் இராது. மூலநிரலின் பிரதி உங்களுக்குத் தரப்படும் என்று எழுத்தில் இல்லாத எந்த ஒப்பந்தத்திலும் இனிக் கையொப்பமிடாதீர்கள்.

திருத்தத்துடன் பின்னடைவுச் சோதனை ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். தொழிலில் இதை ரிக்ரஷன் டெஸ்ட் என்பார்கள். ‘கோபிகா’வை ஒரு வடிவத்தில் பதிந்து, மற்ற வடிவத்தில் தேடி, ஒரே மாணவி கிடைக்கிறாரா என்று தானாகப் பார்க்கும் சிறு நிரல் அது. நாளை வேறொரு வேலைக்காக நிரலைத் தொடுபவர் தெரியாமல் அந்த வரிகளை நீக்கிவிட்டால், உங்கள் எழுதுவினைஞர் கண்டுபிடிக்கும் முன்பே சோதனை கண்டுபிடித்துவிடும். ஆனால் திருத்தப்படாத பழைய நிரலில் அந்தச் சோதனை தோற்பதை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். நானே ஒருமுறை இரண்டு வடிவங்களையும் ஒரே விசைப்பலகையில் தட்டச்சிட்டுச் சோதனை எழுதினேன். இரண்டும் ஒரே வடிவமாகவே பதிவாகியிருந்தமையால் வழு இருக்கும்போதே சோதனை வென்றது. சோதனையில் எழுத்துகளைத் தட்டச்சிடாமல் 3019, 3015, 3006 என்ற எண்களைக் கொண்டே பெயரை அமைக்க வேண்டும்.

இந்தத் திருத்தத்துக்கு அடங்காத எழுத்து ஒன்று உண்டு. ‘கௌரி’ என்ற பெயரில் உள்ள ஔகாரக் குறி 3020. பலர் அதற்குப் பதிலாக ஒற்றைக் கொம்பை இட்டு, அருகில் ளகரத்தையே தட்டச்சிடுகிறார்கள். திரையில் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரிந்தாலும், யூனிகோட் கணக்கில் அது ளகரம்தான், எண் 2995. ஔகாரத்தின் வலப்பாதிக்கு உரிய எண் 3031. ஆகையால் என்எஃப்சி இதைச் சேர்க்காது. அப்படியானால் கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து வரும் இடங்களையெல்லாம் மாற்றிவிடலாமே என்று யாராவது சொன்னால் உடனே தடுத்துவிடுங்கள். நிலாவெளி என்ற முகவரியில் இருப்பது மெய்யான ளகரம்; வெள்ளையம்மா என்ற பெயரிலும் அப்படியே. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் நிலாவெளியிலிருந்து வரும் பிள்ளைகளின் முகவரிகள் அத்தனையும் சிதைந்துவிடும். அத்தகைய பதிவுகளைப் பட்டியலாக எடுக்கச் செய்து, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சோதனையிலும் ‘கௌரி’யுடன் நிலாவெளியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

யூனிகோடின் முதற் பதிப்பிலேயே, 1991 இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. அதற்கு முன்பே, 1987 இல், அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் இலங்கையின் அரசகரும மொழியாக்கியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஆங்கிலப் பெயர்கள் நாலைந்தை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு மென்பொருளைத் தமிழர்களிடம் விற்கிறார்கள். கணினிப் பாடநெறிகளோ திரையை அழகுபடுத்தப் பல வாரங்களும் சோதனைக்கு ஒரு பிற்பகலும் ஒதுக்குகின்றன. அங்கிருந்து வருபவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

ஏற்கெனவே இரட்டித்துப்போன பதிவுகளை இயந்திரத்திடம் விடாதீர்கள். ஒரே பெயரில் உண்மையிலேயே இரண்டு மாணவிகள் இருக்கலாம். பிறந்த திகதியையும் பெற்றோரின் தொலைபேசி இலக்கத்தையும் ஒப்பிட்டு, ஒரே பிள்ளைதான் என்று உறுதியான பின்னர் பற்றுச்சீட்டுகளைப் பழைய இலக்கத்தின் கீழ்ச் சேருங்கள். பெற்றோரிடமுள்ள சீட்டுகளோடு தொகை பொருந்தும்வரை புதிய இலக்கத்தை அழிக்காமல், பயன்பாட்டில் இல்லை என்று குறித்து மட்டும் வையுங்கள்.