ஆள்காட்டியின் நான்கு முட்டைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காங்கயத்துக்குத் தெற்கே எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலமும் அதையொட்டி ஒரு கொறங்காடும் (ஆடு மாடு மேயும் வேலியடைத்த நிலம்) இருக்கின்றன. சித்திரைக் கடைசியில் கொறங்காட்டின் ஓரம், சரளைக்கல் பரந்த மேட்டில் ஓர் ஆள்காட்டிப் பறவை நான்கு முட்டைகள் இட்டிருந்தது. தினமும் காலையில் ஆடுகளைத் திறந்துவிடும்போது நானும் என் மகளும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். இடம் தெரிவதற்காக அருகில் ஒரு குச்சியை நட்டு வைத்திருந்தேன். பதினெட்டாம் நாள் போனபோது முட்டைகள் இல்லை. இரண்டு ஓட்டுத் துண்டுகள் மட்டும் கிடந்தன. முந்தின நாள் மாலை அந்தப் பக்கம் ஒரு கீரி ஓடியதைப் பார்த்திருந்தேன். மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர், பொறி வைத்துக் கீரியைப் பிடித்துவிடலாம் என்கிறார். அடுத்த முறை கம்பிவலைக் கூண்டைக் கவிழ்த்து வைக்கலாமா என்று நான் யோசிக்கிறேன். நியூசிலாந்தில் பறவைகளைக் காப்பதற்காக அரசே ஊனுண்ணிகளைக் கொல்கிறது என்று படித்தேன். அங்கே சரியாக இருப்பது இங்கே எப்படித் தவறாகும்?

தங்கள் வாசகர்
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

பொறி வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரியைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். அப்படியொரு சட்டம் இல்லாதிருந்தாலும் என் பதில் இதுவாகத்தான் இருக்கும். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் மகளும் இதைப் படிப்பாள் என்று நம்புகிறேன்.

தின்றது கீரிதான் என்று உறுதியாகச் சொல்ல நம்மிடம் சான்று இல்லை. தரையில் கிடக்கும் முட்டைக்குக் காத்திருக்கும் வாய்கள் பல: கீரி, நரி, காட்டுப்பூனை, உடும்பு, நாகம், காக்கை, பருந்து, நாய். பாம்பும் உடும்பும் முட்டையை முழுதாக விழுங்கிவிடும், ஓடு மிஞ்சாது. காக்கை பெரும்பாலும் முட்டையைத் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் வைத்துத் தின்னும், சில வேளை அங்கேயே உடைத்துக் குடிக்கும். கீரி கடித்த ஓடும் காக்கை குத்திய ஓடும் ஒரு பகல் வெயிலில் கிடந்து எறும்பு மொய்த்துவிட்டால் வேறுபாடு தெரியாமல் போய்விடும். கூடுகளுக்கு அருகே தானியங்கிக் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள்கூட, மிஞ்சிய ஓட்டை வைத்துத் தாங்கள் செய்த ஊகங்கள் பலமுறை பொய்த்துப்போனதைக் கண்டிருக்கிறார்கள்.

பறவையின் பக்கத்தையும் பார்ப்போம். அந்த முட்டைகளை நீங்கள் குனிந்து பார்த்திருப்பீர்கள். பம்பரம்போல ஒரு முனை கூர்த்து, நான்கும் கூர்முனைகளை நடுவே கூட்டி வைத்துக் கிடக்கும். மண்ணின் நிறத்தில் கரும்புள்ளிகளும் திட்டுகளும். சுற்றிலும் சிறு கற்களும் ஆட்டுப் புழுக்கைகளும். இடம் தெரிந்தவரே மறுநாள் நான்கடி தள்ளி நின்று தேடினால் கண்ணில் படாது. ஆணும் பெண்ணும் மாறி மாறி 28 முதல் 30 நாட்கள் அடைகாக்கின்றன. கத்தரி வெயிலில் முட்டை வெந்துவிடாதபடி, அருகிலுள்ள குட்டையில் வயிற்று இறகுகளை நனைத்து வந்து அதன்மேல் அமர்கின்றன. ஆடும் மாடும் மிதிக்க வந்தால் இறக்கையைப் பளிச்சென்று விரித்து விலக்கும். நாய் வந்தாலோ இறக்கை ஒடிந்ததைப்போல் நடித்து வேறு திசைக்கு இழுத்துச் செல்லும். ஒவ்வொரு பகைக்கும் அது ஒவ்வொரு பாடம் வைத்திருக்கிறது.

இந்தப் பாடங்கள் எவ்வளவு நுட்பமானவை என்பதற்கு இரண்டு சான்றுகள் சொல்கிறேன். ஆள்காட்டியின் தூரத்து உறவினங்களான உள்ளான் வகைப் பறவைகள் சிலவற்றை நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2005இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். அவை இறகில் பூசிக்கொள்ளும் மெழுகின் சேர்மமே அடைகாக்கும் காலத்தில் மாறிவிடுகிறது. அந்தப் புதிய மெழுகை மோப்பம் பிடிக்கப் பயிற்சி பெற்ற நாயே திணறியது. கண்ணால் தேடும் காக்கையிடம் நிறத்தால் மறைவது போல, மூக்கால் தேடும் நரியிடம் மணத்தால் மறைவது. இன்னொன்று, 1973இல் நோபல் பரிசு பெற்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன் இங்கிலாந்தின் மணல்மேடுகளில், தரையில் கூடுவைக்கும் கடற்காக்கைகளை வைத்துச் செய்தது. குஞ்சு பொரிந்ததும் தாய்ப்பறவை காலி ஓட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தொலைவில் போடுவது ஏன் என்று அவர் கேட்டார். முழு முட்டைகளுக்கு அருகே உடைந்த ஓடுகளைப் பல தூரங்களில் வைத்துப் பார்த்தபோது, ஓடு நெருக்கமாகக் கிடந்த முட்டைகளே அதிகம் களவு போயின. ஓட்டின் உட்புற வெண்மை காக்கையின் கண்ணுக்கு வழிகாட்டிவிடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் முட்டைகள் பறிபோகத்தான் செய்கின்றன. நம் நாட்டு ஆள்காட்டிகளைப் பற்றிய ஓர் ஆய்வில், இட்ட முட்டைகளில் 40 சதவீதத்துக்கு மேல் கீரி, காக்கை, பருந்து ஆகியவற்றுக்கு இரையாயின. பொரித்த குஞ்சுகளில் இறந்தவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. நம் கிராமப்புறங்களில் எங்கு பார்த்தாலும் ஆள்காட்டி இருக்கிறது என்றால், இந்த இழப்பையும் கணக்கில் சேர்த்துத்தான் அது நான்கு முட்டை இடுகிறது, போனால் மறுபடியும் இடுகிறது, பல ஆண்டுகள் வாழ்கிறது என்று பொருள். கீரி இந்தக் கணக்கில் தொன்றுதொட்டு இருந்து வருவது.

நியூசிலாந்தில் இந்தக் கணக்கே கிடையாது. மனிதர் போய்ச் சேரும்வரை அத்தீவுகளில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி ஒன்றுகூட இல்லை. அங்குள்ள பறவைகளுக்குப் பகை என்றால் வானிலிருந்து கண்ணால் பார்த்து இறங்கும் பறவைதான். ககாபோ என்னும் பறக்காத பெருங்கிளி, ஆபத்து என்றால் அப்படியே அசையாமல் உறைந்து நிற்கும்; கழுகின் கண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் அதன் உடலில் வீசும் மணமோ மிகப் பலமானது. கப்பல்களில் எலி வந்தது, பூனை வந்தது, முயல்களை ஒழிப்பதற்காக 1880களில் ஸ்டோட் என்னும் சிறு ஊனுண்ணியை, பறவையறிஞர்கள் எச்சரித்தும் கேளாமல், கொண்டுவந்து விட்டார்கள். மணத்தை வைத்துத் தேடும் எதிரிக்கு முன்னால் அசையாமல் நிற்பதால் என்ன பயன்? 1995இல் உலகத்தில் மிஞ்சியிருந்த ககாபோக்கள் 51. அவற்றை ஊனுண்ணிகள் இல்லாத சிறு தீவுகளில் வைத்துக் காத்து, இன்று இருநூறுக்கு மேல் கொண்டுவந்திருக்கிறார்கள். எலியையும் ஸ்டோட்டையும் நாடு முழுவதிலும் 2050க்குள் ஒழிப்பது என்று அந்நாட்டு அரசு 2016இல் அறிவித்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அந்த உயிர்களைக் கொல்வது எனக்கு மகிழ்ச்சி தருவதாக இல்லை; ஆனாலும் அங்கே வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள யூயிஸ்ட் தீவுகளின் கதை இதைவிட நமக்கு நெருக்கமானது. 1974இல் தோட்டத்து நத்தைப்புழுக்களைத் தின்னட்டும் என்று சில முள்ளெலிகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அவை பெருகி, தரையில் கூடுவைக்கும் கரைப்பறவைகளின் முட்டைகளைத் தின்னத் தொடங்கின. அப்பறவைகளில் நம் ஆள்காட்டியின் நேர் உறவான ஐரோப்பிய ஆள்காட்டியும் உண்டு. 2003இல் முள்ளெலிகளைக் கொல்லத் தொடங்கினார்கள். பலத்த எதிர்ப்பு எழவே, 2007 முதல் அவற்றைப் பிடித்துப் பெருநிலத்தில் விட்டார்கள். அதே பிராணி ஸ்காட்லாந்தின் பெருநிலத்தில் இயல்பாக வாழ்ந்து வருவது. உங்கள் கொங்குப் பகுதியின் புதர்க்காடுகளிலும் ஒரு முள்ளெலி இனம் இருக்கிறது. வேலியோரத்தில் நீங்களே பார்த்திருக்கக்கூடும். எந்தப் பிராணி என்பதோடு, அது எந்த மண்ணுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்றும் கேட்டாக வேண்டும்.

அப்படியானால் நம் ஊரில் கவலைப்பட ஒன்றுமில்லையா என்றால், இருக்கிறது. அது கீரி இல்லை. நாம் தீனி போட்டுப் பெருக்கிவிட்ட காக்கையும் தெருநாயும்தான். ஒரு கீரி முயல், எலி, ஓணான், முட்டை என்று கிடைப்பதை வைத்துப் பிழைக்கிறது. இரை குறைந்தால் அதன் எண்ணிக்கையும் குறைந்துவிடும். கோழிக்கடைக் கழிவைக் கொட்டும் குளக்கரையில் வளரும் நாய்க்கூட்டத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. முட்டை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதற்கு நாளைய உணவு நிச்சயம். 1987இல் நியூசிலாந்தின் வைடாங்கி காட்டில் ஒரே ஒரு நாய் சில வாரங்களில் ஏறத்தாழ 500 கிவிப் பறவைகளைக் கொன்றிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். பசிக்காக மட்டும் நடந்த கொலைகளாக அவை இருந்திருக்க முடியாது. இராஜஸ்தானில் கானமயில் படும் பாட்டில் நாய்களுக்கும் பங்கு உண்டு. அந்தப் பறவை பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். நூற்றைம்பதுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும் இனத்தில் ஒரு முட்டை போவதும் ஆள்காட்டியின் நான்கு போவதும் ஒன்றாகாது. அங்கே வேலியிட்டு நாய்களை விலக்குவதும், முட்டைகளை எடுத்துவந்து பொரிப்பகத்தில் பொரிக்க வைப்பதும் நியாயமே.

காக்கையின் வேலையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வற்றிய ஒரு குளத்தின் உள்வாயில், இரண்டு காக்கைகள் ஓர் ஆள்காட்டியின் கூட்டருகே இறங்கின. ஒன்று முன்னால் தத்தித் தத்தி நெருங்கியது. அடையிலிருந்த பறவை எழுந்து கத்திக்கொண்டே அதன்மேல் பாய்ந்தது. அந்த நொடியில் பின்னாலிருந்த மற்றது ஒரு முட்டையை அலகில் கவ்விக்கொண்டு கரைப் பனைமரத்துக்குப் பறந்துவிட்டது. சற்று நேரத்தில் திரும்பி வந்து அதையே மறுபடியும் செய்தன. கரையில் குவிந்திருந்த குப்பைமேட்டில் இன்னும் ஐம்பது அறுபது காக்கைகள் இருந்தன. அன்று நான் கல்லெடுத்து எறிந்து விரட்டினேன். ஆனால் நான் கிளம்பிய பிறகு என்ன நடந்திருக்கும் என்பதை யோசிக்க வேண்டியதில்லை.

உங்கள் குச்சிக்கு வருகிறேன். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் நானும் இதே பிழையைச் செய்தவன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பக்கிக் குருவியின் கூட்டுக்கு அடையாளமாக ஒரு கோலை நட்டு, நுனியில் வெள்ளைத் துணியும் கட்டிவிட்டு வந்தேன். மறுநாள் அந்தக் கோலின்மேல் காக்கை அமர்ந்திருந்தது. கீழே முட்டைகள் இல்லை. மொட்டை வெளியில் நடப்பட்ட குச்சி காக்கைக்கு உட்காரக் கிடைத்த மேடை. தினமும் ஒரே தடத்தில் போய், கூட்டருகே நின்று, அதே தடத்தில் திரும்பி வந்தால், மிதிபட்ட புல்லும் நம் வாடையும் சேர்ந்து முட்டையோடு முடியும் ஒரு பாதையாகிவிடுகின்றன. உங்கள் கூடு இதனால்தான் போயிற்று என்று நான் சொல்லவில்லை. போகாமலிருந்திருக்க அது உதவியிருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

கம்பிக் கூண்டும் நல்ல யோசனையாகத் தோன்றினாலும் ஆபத்துள்ளது. வட அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் அருகிவரும் ஒரு சிறு உப்புக்கொத்தி இனத்துக்கு இதைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறார்கள். முட்டைகள் அதிகம் பொரித்தன. ஆனால் சில இடங்களில் வல்லூறு வகைகளும் நரிகளும் கூண்டைக் கண்டால் உள்ளே பறவை இருக்கும் என்று கற்றுக்கொண்டு, வெளியே வரும் தாய்ப்பறவையையே பிடித்தன. முட்டை போனால் மறுபடியும் இடும். தாய் போனால் இனி வரவேண்டிய அத்தனை முட்டைகளும் போய்விடும். தினமும் கண்காணிக்க ஆளில்லாத இடத்தில் கூண்டு வைக்க வேண்டாம்.

உங்கள் பக்கத்தில் மயில் பெருகிப் பயிரை அழிக்கிறது என்று குறை சொல்பவர்களையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். மயிலும் தரையில்தான் முட்டையிடுகிறது. முன்பு நரி அந்த முட்டைகளைத் தின்றுவந்தது, நரி போனதும் மயில் பெருகிற்று என்று பெரியவர்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை உண்டு. அது ஒன்றே காரணமாக இருக்காது என்றாலும். ஆள்காட்டிக்காகக் கீரியைப் பிடிக்கச் சொல்லும் அதே தோட்டத்துக்காரர் மயிலைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

செய்யக்கூடியவை உங்கள் கையிலேயே இருக்கின்றன. கிளுவை வேலியை எடுத்துவிட்டுக் கம்பிவேலி போடாதீர்கள். குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்தில் நடந்து, பருந்தின் நிழல் கண்டதும் ஒளிவதற்கு வேலியோரத்துப் புல்லைத்தான் தேடும். தோட்டத்து நாயை அந்த ஒரு மாதம் கட்டி வையுங்கள். செத்த கோழியையும் கழிவையும் ஆழமாகக் குழிதோண்டிப் புதையுங்கள். உழவு நடக்கும் நேரமென்றால் டிராக்டர் ஓட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லி, கூட்டைச் சுற்றி நாலைந்து அடி உழாமல் விடச் செய்யுங்கள்.

அந்த இணை அநேகமாக இந்தப் பருவத்திலேயே மறுபடியும் முட்டையிடும். ஆவணி வரை அதற்குக் காலம் இருக்கிறது. ஆடு மேய்க்கும் வழியில் ஒரு பறவை தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால், நின்று தேடாமல் நேராகக் கடந்து போய்விடுங்கள். பிறகு வெள்வேல மர நிழலில், நூறு தப்படி தள்ளி, மகளோடு அசையாமல் உட்காருங்கள். கால் மணி நேரத்தில் பறவை தயங்கித் தயங்கி நடந்து வந்து, இறகை உப்பிக்கொண்டு ஓரிடத்தில் அமரும். அது அமரும் இடத்தை அவள் ஒரு தாளில் வரைந்துகொள்ளட்டும். குச்சிக்குப் பதிலாக அந்தப் படம் போதும். நாட்களை எண்ணி வைத்து, 28ஆம் நாளுக்குப் பிறகு என்ன கண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.