முட்டை ஒரே செல்லா? செல் பற்றிக் கேள்வி பதில்

செல்லின் அமைப்பு, நுண்ணுறுப்புகள், செல் கொள்கை. இந்த மூன்றுக்குள் எது வேண்டுமானாலும் கேளுங்கள். தேர்வில் எந்தக் கேள்வி வரும் என்று மட்டும் கேட்காதீர்கள், அது எனக்குத் தெரியாது.

செல்லைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் ஹூக்கா, லீவன்ஹூக்கா? ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

இருவரும் பார்த்தது வேறு வேறு. ஹூக் 1665இல் வெளியிட்ட நூலில் இருப்பது தக்கைச் சீவல். அதில் அவர் கண்டது செத்துப்போன செல்களின் சுவர்களை மட்டும்தான், உள்ளே ஒன்றும் இல்லை. உயிரோடு நீந்தும் ஒரு செல் உயிரிகளை 1670களில் பார்த்தவர் லீவன்ஹூக். ஆனால் எல்லா உயிரும் செல்லால் ஆனது என்று இருவருமே சொல்லவில்லை. அதற்கு 1838இல் ஷ்லைடன் தாவரங்களையும், 1839இல் ஷ்வான் விலங்குகளையும் வைத்துப் பேசும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, பல புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை. புதிய செல் எப்படி உண்டாகிறது என்பதில் ஷ்லைடன், ஷ்வான் இருவருமே தவறினார்கள். படிகம் வளர்வதுபோல அது புதிதாகத் திரண்டு உருவாகிறது என்று நினைத்தார்கள். இருக்கிற செல் பிரிந்துதான் அடுத்த செல் வரும் என்று ரீமாக் 1850களின் தொடக்கத்தில் சொன்னார். 1855இல் விர்ச்சோ அதையே சொன்னபோதுதான் உலகம் கேட்டது. செல் கொள்கையின் மூன்றாவது வரி விர்ச்சோ பெயரில் நிற்பது இப்படித்தான்.

சார், தாவர செல்லில் பசுங்கணிகம் இருக்கிறதே, அப்புறம் மைட்டோகாண்ட்ரியா எதற்கு?

பசுங்கணிகம் சர்க்கரையைச் செய்கிறது. அந்தச் சர்க்கரையை உடைத்து, செல் செலவழிக்கக்கூடிய ஆற்றலாக மாற்றுவதில் பெரும்பங்கு மைட்டோகாண்ட்ரியாவுடையது. ராத்திரியில் ஒளி இல்லை, மண்ணுக்குள் இருக்கும் வேருக்குப் பகலிலும் ஒளி இல்லை. அந்தச் செல்களும் உயிர் வாழத்தானே வேண்டும்? தாவர செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. படம் வரையும்போது விட்டுவிடாதீர்கள்.

எங்கள் புத்தகப் படத்தில் மைட்டோகாண்ட்ரியா மூன்றுதான் இருக்கிறது. ஒரு செல்லுக்கு மூன்றா?

படத்தை எண்ணாதீர்கள்! இன்று இதை இன்னும் பலமுறை சொல்வேன். ஒரு கல்லீரல் செல்லில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். முதிர்ந்த சிவப்பணுவில் ஒன்றுகூட இருக்காது. புத்தகத்தில் இருக்கும் அந்த 'மாதிரி செல்' உலகத்தில் எங்குமே கிடையாது. எல்லா உறுப்பையும் ஒரே இடத்தில் காட்டுவதற்காக வரைந்த படம் அது.

உட்கரு இல்லாத சிவப்பணுவை எப்படி செல் என்கிறோம்?

நல்ல கேள்வி. எலும்பு மஜ்ஜையில் அது உட்கருவோடுதான் உருவாகிறது, முதிரும்போது வெளியே தள்ளிவிடுகிறது. பாலூட்டிகளில்தான் இப்படி. பறவையின், தவளையின் சிவப்பணுக்களில் உட்கரு உண்டு. மனித சிவப்பணு மைட்டோகாண்ட்ரியாவையும் இழந்துவிடுவதால், தான் சுமக்கும் ஆக்சிஜனைத் தனக்கென்று பயன்படுத்துவதில்லை. ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைத்துச் சுமார் 120 நாள் ஓட்டுகிறது. பழுதானால் புதிய புரதம் செய்யவோ, பிரிந்து பெருகவோ அதற்கு வழியில்லை. செல்லிலிருந்து வந்தது, சவ்வு உண்டு, உள்ளே வேதிவினை நடக்கிறது. செல் என்று சொல்ல இது போதும்.

வைரஸ் செல்லா?

இல்லை.

மிகப் பெரிய செல் எது?

தீக்கோழி முட்டையின் மஞ்சள் கரு. முழு முட்டை இல்லை, மஞ்சள் கரு மட்டும். வெள்ளைக் கருவும் ஓடும் தாய்ப்பறவையின் கருக்குழாய் பிறகு பூசியவை.

கருவுற்ற முட்டையும் ஒரே செல்தானா? அதற்குள் குஞ்சு வளருமே?

கருவுறாதது ஒரே செல். கருவுற்றதோ, தாயின் உடலுக்குள் இருக்கும்போதே பிரியத் தொடங்கிவிடும். கோழி அதை இடும் நேரத்தில் பல ஆயிரம் செல்கள் ஆகியிருக்கும்.

அந்த மஞ்சள் கரு முழுக்கச் சேமித்த உணவு. உணவையும் செல் என்று கணக்கில் எடுப்பது ஏமாற்று இல்லையா சார்?

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்த உணவு முழுவதும் செல் சவ்வுக்கு உள்ளேதான் இருக்கிறது. ஆனால் சந்தேகம் சரியான இடத்தில் வந்திருக்கிறது. செல்கள் ஏன் சிறியவை என்பதிலிருந்து பார்ப்போம்.

1 மி.மீ. பக்கம் உள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6, கன அளவு 1. பக்கத்தை 2 மி.மீ. ஆக்கினால் மேற்பரப்பு 24, கன அளவு 8. அதாவது உள்ளே இருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் கிடைக்கும் மேற்பரப்பு 6இலிருந்து 3ஆகக் குறைந்துவிட்டது. உணவு, ஆக்சிஜன், கழிவு எல்லாம் அந்த மேற்பரப்பு வழியாகத்தான் போய்வர வேண்டும். உள்ளே பரவுவதும் சிக்கல்தான்: தூரம் 10 மடங்கானால், பரவும் நேரம் 100 மடங்கு ஆகும்.

அப்படியிருந்தும் முட்டை எப்படித் தப்பிக்கிறது? மஞ்சள் கருவின் பெரும்பகுதி சும்மா கிடக்கும் சேமிப்பு. உட்கருவும், வேலை செய்யும் சைட்டோபிளாசமும் (உட்கருவைச் சுற்றியுள்ள கூழ் போன்ற பொருள்) மேலே ஒரு சின்ன வெளிர் வட்டத்துக்குள் அடங்கிவிடும். பெரிதாக இருக்கிறது, ஆனால் பெரிதாக வாழவில்லை.

அப்படியானால் காலெர்பா பாசிதான் பெரியது. மீட்டர் கணக்கில் படரும், குறுக்குச் சுவரே கிடையாது.

வாருங்கள்! அதற்குள் உட்கருக்கள் ஏராளம். சைட்டோபிளாசம் ஓடிக்கொண்டே இருப்பதால், பரவலை மட்டும் நம்பி அது காத்திருப்பதில்லை. 'ஒரு செல் என்றால் ஒரு சவ்வு' என்று வைத்தால் தீக்கோழி தோற்றது. 'ஒரு செல் என்றால் ஒரு உட்கரு' என்று வைத்தால் காலெர்பா போட்டியிலேயே இல்லை. ஆனால் இரண்டாவது விதியை வைத்தால் நம் கை கால் தசை நாரும் செல் ஆகாது, அதிலும் பல உட்கருக்கள். எனக்கு முதல் விதிதான் சரியாகப் படுகிறது. ஆகவே, மேலே நான் சொன்ன 'தீக்கோழி' பள்ளிக்கூடப் பதில், வாதத்துக்குப் பதில் காலெர்பா.

பாக்டீரியா எல்லாம் கண்ணுக்குத் தெரியாது, சரிதானே?

அநேகமாக. 2022இல் விவரிக்கப்பட்ட தயோமார்கரிட்டா மாக்னிஃபிகா சுமார் 1 செ.மீ. நீளம், வெறும் கண்ணுக்கே தெரியும். அதன் உள்ளேயும் பெரும்பகுதி வாக்குவோல்தான், அதாவது நீர்மம் நிறைந்த பை. முட்டையின் அதே தந்திரம்.

தீக்கோழி முட்டை என்று எழுதினால் மதிப்பெண் தருவார்களா?

தருவார்கள். முட்டை விவாதம் இத்துடன் போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பாக்டீரியா படத்தில் மீசோசோம் வரைய வேண்டுமா?

புத்தகத்தில் இருந்தால் தேர்வுக்கு வரையுங்கள். ஆனால் உயிருள்ள பாக்டீரியாவில் அப்படி ஓர் உறுப்பு கிடையாது. மின்னணு நுண்ணோக்கிக்காக வேதிப்பொருளில் பதப்படுத்தும்போது சவ்வு மடிந்து உண்டான தோற்றம் அது. வேகமாக உறையவைத்துப் பார்த்தால் காணோம்.

தாவர செல்லில் மைட்டோகாண்ட்ரியா உண்டா?

உண்டு. மேலே பாருங்கள்.

மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்ததாமே, உண்மையா?

ஆமாம், சான்றுகள் வலுவானவை. அதற்குத் தனி டி.என்.ஏ. உண்டு, மனிதரில் 37 மரபணுக்கள். புரதம் செய்யும் அதன் ரைபோசோம்களும் பாக்டீரியாவின் ரைபோசோம்களுக்கு நெருங்கிய உறவு. இருப்பது இரண்டாகப் பிரிந்துதான் பெருகும், செல்லால் அதைப் புதிதாகச் செய்ய முடியாது. லின் மார்குலிஸ் 1967இல் இதை விரிவாக முன்வைத்தார், அதற்கு முன் பல இதழ்கள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தன. பசுங்கணிகத்தின் கதையும் இதேதான்.

ஒரு செல்லில் கோல்கி உறுப்பு ஒன்றுதானே? படத்தில்…

படத்தை எண்ணாதீர்கள்.

வெங்காயச் சவ்வைப் பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தேன். ரைபோசோமும் தெரியவில்லை, பச்சையும் தெரியவில்லை. ஒரு வட்டம் மட்டும் கறுப்பு விளிம்போடு பளிச்சென்று தெரிந்தது. அதுதான் உட்கருவா?

இல்லை, அது காற்றுக்குமிழி. கண்ணாடி வில்லையை ஒரு பக்கம் தொடவைத்துச் சாய்வாக மெல்ல இறக்கினால் குமிழி வராது. ஒரு சொட்டு அயோடின் விடு, உட்கரு பழுப்பு மஞ்சளாக, பெரும்பாலும் செல்லின் ஓரமாகத் தெரியும். ரைபோசோம் 20 முதல் 30 நானோமீட்டர், ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டுவது சுமார் 200 நானோமீட்டர் வரைதான், அதனால் தேடாதே. வெங்காயச் செதில் மண்ணுக்குள் வளர்ந்தது, அதில் பசுங்கணிகம் இருக்காது. பச்சை பார்க்க வேண்டுமானால் நீர்த்தாவரம் ஹைட்ரில்லாவின் ஓர் இலையை அப்படியே வைத்துப் பார். கொஞ்ச நேரம் பொறுமையாக இருந்தால் பசுங்கணிகங்கள் செல்லின் ஓரமாகச் சுற்றி ஓடுவதையும் பார்க்கலாம்.