அப்பா டிவியை அணைத்துவிட்டாரா? பதில்

ராயபுரம் தம்பிக்கு. பொன்னியின் செல்வன் முதல் படம் போரில் தொடங்கியதும், "கல்கி நாவலை ஆரம்பிச்ச வீரநாராயண ஏரி எங்கடா?" என்று கேட்டு அப்பா ரிமோட்டைப் பிடுங்கிவிட்டார், இரண்டாம் பாகத்தை எப்படிப் பார்க்க வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். பழைய மூர் மார்க்கெட்டில் தேடிப்பிடித்த பைண்ட் புத்தகத்தை, மணியம் ஓவியத்தோடு, இன்னும் பீரோவில் பூட்டி வைத்திருக்கிற மனுஷனிடம் "படம் வேற, கதை வேறப்பா" என்று சொன்னால் சோறு இறங்காது.

அவர் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. 1950 முதல் 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் வந்த ஐந்து பாகத்தை இரண்டு படமாகச் சுருக்கினால் ஆள் குறையத்தான் செய்யும், மணிமேகலை என்கிற பாத்திரம் போனதைக்கூட நான் விட்டுவிடுவேன், ஆனால் பூ கட்டிக் கொடுக்கும் சேந்தன் அமுதன்தான் சோழ அரியணைக்கு உரிய உண்மையான மதுராந்தகன் என்கிற முடிச்சையே எடுத்துவிட்டார்களே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. (படம் மட்டும் பார்த்தவர்கள் மன்னிக்கவும்!) நாவலில் கடைசியில் முடிசூடுவது அவன்தான். படத்தில் ரகுமான் நடித்த மதுராந்தகனுக்கே கிரீடம் போய்விடுகிறது.

சரி, ஒன்று செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் இரண்டாம் பாகத்தை நீங்கள் பாட்டுக்குப் போடுங்கள், அவரைக் கூப்பிடவே வேண்டாம். நந்தினி வரும்போது மட்டும் "இவ யாரோட பொண்ணுப்பா, புத்தகத்துல என்ன போட்டிருக்கு?" என்று கேளுங்கள். அப்புறம் படம் எங்கே ஓடப்போகிறது, பாஸ் பட்டனிலிருந்து கையை எடுக்காதீர்கள்.